நிறையும் விரைவும்

மகிழுந்து விற்பனைக் கூடத்தில் முதலில் காதில் விழும் எண் குதிரைத்திறன். அடுத்தது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. மூன்றாவது, மாதத் தவணை. வண்டியின் நிறை எவ்வளவு என்று கேட்பவரை நான் அங்கே கண்டதே இல்லை. கேட்டால் விற்பனையாளரும் கையேட்டைப் புரட்டத்தான் வேண்டியிருக்கும். ஆனால் துடிப்பான வண்டி என்று நாம் எதை உணர்கிறோமோ, அந்த உணர்வின் பெரும்பகுதி யாரும் கேட்காத அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது.

பெரும்பொருள் இல்லாதவரும் வாங்கக்கூடிய, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் துடிப்பான சிறுவண்டிகளை எடைபோட இந்தியச் சாலைகளில் ஸ்விஃப்டைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடையாது. 2005ஆம் ஆண்டு மாருதி அதை இங்கே கொண்டுவந்தபோது, சிறுவண்டி என்றால் சிக்கனம் மட்டுமே என்றிருந்த எண்ணம் சற்று அசைந்தது. இப்போது ஓடும் நான்காம் தலைமுறை 2024 மே மாதம் வெளிவந்தது. நீளம் 3860 மில்லிமீட்டர், அச்சிடைத் தொலைவு 2450 மில்லிமீட்டர், நிறை சுமார் 920 கிலோகிராம். மூன்று உருளைகள் கொண்ட 1.2 லிட்டர் பெட்ரோல் பொறி நிமிடத்துக்கு 5700 சுழற்சியில் 82 குதிரைத்திறனையும், 4300 சுழற்சியில் 112 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையையும் தருகிறது. முந்தைய தலைமுறையின் நான்கு உருளைப் பொறி 90 குதிரைத்திறன் தந்தது. புதியது பழையதைவிட வலுக்குறைந்தது என்பதைக் கேட்டதும் பலர் முகம் சுளித்தார்கள். சுளிக்க வேண்டுமா என்பதைக் கணக்கு சொல்லட்டும்.

விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். பள்ளியில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதி இதுதான். வண்டி வாங்கும் நாளில் மட்டும் அது மறந்துபோகிறது. ஓட்டுநர் மட்டும் அமர்ந்த ஸ்விஃப்டின் நிறை 985 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை அது எட்டும்போது அதில் சேரும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 380 கிலோஜூல். 82 குதிரைத்திறன் என்பது 60 கிலோவாட். பொறி தன் முழுத் திறனையும் இடைவிடாமல் தந்தால் ஆறேகால் நொடியில் அந்த ஆற்றல் சேர்ந்துவிடும். உண்மையில் ஆகும் நேரம் அதைவிட மிக அதிகம். கியர் மாற்றும்போது விசை அறுபடுகிறது, காற்று எதிர்க்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, பொறி 5700 சுழற்சியில் நிற்பது சில கணங்கள் மட்டுமே. ஆகவே உச்சத் திறன் என்பது மலையின் உச்சியைப் போன்றது. அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

குறைந்த நிறையில் சிறு பொறி என்ன செய்யும் என்பதைக் கோயம்புத்தூர் 1980களின் இறுதியிலேயே கண்டுகொண்டது. அவ்வூரின் பந்தய வண்டி வடிவமைப்பாளர் கரிவரதன், மாருதி 800 வண்டியின் 796 கன சென்டிமீட்டர் பொறியை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தினார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவந்த பொறி அது. கதவில்லை, கூரையில்லை, பின்னிருக்கையில்லை. சுமை கழிந்ததும் அதே பொறி பந்தயத்துக்குப் போதுமானதாயிற்று. ஃபார்முலா மாருதி என்ற அந்த வண்டியில்தான் திருப்பெரும்புதூர்த் தடத்தில் நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டினார். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்று களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார்.

இந்த இடத்தில் ஓர் இடையூறு இருக்கிறது. இலேசான வண்டியைப் புகழ்பவர்கள் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். ஐந்து பேர் ஏறினால் சுமார் 325 கிலோகிராம் கூடுகிறது. 920 கிலோகிராம் வண்டிக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தனியாக ஓட்டும்போது டன்னுக்கு 83 குதிரைத்திறன் இருந்த வண்டி, குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும்போது டன்னுக்கு 66ஆக இறங்குகிறது. ஒன்றரை டன் வண்டியில் அதே ஐவர் ஏறினால் இவ்வளவு இழப்பு இராது. இலேசான வண்டி தன் ஓட்டுநருக்கு வள்ளலாகவும் விருந்தினருக்குக் கஞ்சனாகவும் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் தனியாகவும் ஒரு நாள் ஐவராகவும் போகிறவர், அந்த ஏழாம் நாளுக்காக வண்டி வாங்குகிறாரா, மற்ற ஆறு நாளுக்காகவா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

ஏழாம் நாளின் சாலை மலைச்சாலையாக இருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், 1245 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏற, ஏற்றத்துக்கு மட்டும் 15 குதிரைத்திறன் வேண்டும். 82இல் 15தானே என்று தோன்றும். ஆனால் மூன்றாம் கியரில் சோம்பலாக 1500 சுழற்சியில் போகும்போது பொறியிடம் 82 கிடையாது. திறன் என்பது திருப்புவிசையும் சுழற்சி விரைவும் பெருகி வருவது. முழு 112 நியூட்டன் மீட்டரும் அந்தச் சுழற்சியில் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் (உண்மையில் கிடைக்காது) 24 குதிரைத்திறன்தான் தேறும். அதிலும் டயர்களின் உருளுராய்வு ஒரு பங்கைத் தின்றுவிடும். மிதியை அழுத்தியும் வண்டி முனகிக்கொண்டு நிற்பது இதனால்தான். இரண்டாம் கியருக்கு இறங்கிப் பொறியைச் சுழலவிட்டால் அதே வண்டி எழுந்து ஓடும்.

டர்போ பொருத்திய பொறி வேறு இனம். வெளியேறும் புகையின் ஆற்றலே ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதனோடு இணைந்த இன்னொரு விசிறி காற்றை அமுக்கிப் பொறிக்குள் திணிக்கிறது. கூடுதல் காற்றில் கூடுதல் எரிபொருள் எரிகிறது. ஹூண்டாய் நிறுவனம் சென்னையை அடுத்த திருப்பெரும்புதூரில் செய்யும் ஐ20 என் லைன் வண்டியின் ஒரு லிட்டர் டர்போ பொறி 120 குதிரைத்திறனும், 1500 முதல் 4000 சுழற்சி வரை 172 நியூட்டன் மீட்டரும் தருகிறது. மேலே சொன்ன சோம்பல் சுழற்சியிலேயே அதனிடம் 37 குதிரைத்திறன் இருக்கிறது. கியரைத் தொடாமலே ஏறிவிடும். 2024 சூன் மாதம் வந்த டாடா அல்ட்ராஸ் ரேசரும் 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர் என்று அதற்கு இணையாகவே நின்றது. ஆனால் அறிமுக நாளில் ஸ்விஃப்டின் தொடக்க விலை 6.49 இலட்சம், ரேசரின் தொடக்க விலை 9.49 இலட்சம். மூன்று இலட்சம் கொடுத்து வாங்குவது உச்ச விரைவை அன்று. கியரை இறக்காமல் இருக்கும் உரிமையை. அந்த உரிமை சிலருக்கு இன்றியமையாதது. கியரை இறக்குவதிலேயே இன்பம் காண்பவருக்கு அது வீண்செலவு. நான் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

இந்தப் பொறிகளெல்லாம் ஏன் 1200 கன சென்டிமீட்டருக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றன என்று வியப்பவருக்கு விடை இயற்பியலில் கிடைக்காது. வரிச் சட்டத்தில் கிடைக்கும். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 கன சென்டிமீட்டருக்குள் பெட்ரோல் பொறியும் உள்ள வண்டிக்கு 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16ஆகக் குறைத்தது. பெயர்கள் மாறியும் அந்த எல்லைக்கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருப்பதற்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, வெளியே இருப்பதற்கு 40. சுசுகி வெளிநாடுகளில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 970 கிலோகிராம் நிறையில் 140 குதிரைத்திறன் கொண்டது. டன்னுக்கு 144! ஆனால் அதன் பொறி 1.4 லிட்டர். அது இந்தியக் கூடங்களுக்கு வரவே இல்லை. நம் சாலையில் துடிப்பு என்பதன் வடிவத்தைப் பொறியாளர் பாதியும் வரி அலுவலர் பாதியுமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

நேர்ச்சாலையை விட்டு வளைவுக்கு வருவோம். துடிப்பு உண்மையில் தெரிவது அங்கேதான்.

ஒரு காவடித் தண்டின் இரு முனையிலும் நீர்க்குடங்களைத் தொங்கவிட்டுச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடல் திரும்பிவிடும், குடங்கள் வர மறுக்கும். வந்த பிறகு நிற்கவும் மறுக்கும். அதே குடங்களைத் தோளருகே இழுத்துக் கட்டிவிட்டால் எளிதாகத் திரும்பலாம். எடை மாறவில்லை, எடை இருக்கும் தொலைவுதான் மாறியது. இதை இயற்பியல் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. தொலைவு இருமடங்கானால் அது நான்கு மடங்காகும். ஸ்விஃப்டின் நீளத்தில் அச்சிடைத் தொலைவைக் கழித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து நீட்டிக்கொண்டிருப்பது 1410 மில்லிமீட்டர் மட்டுமே. சக்கரங்கள் மூலைகளில் நிற்கின்றன. பின்புறம் தொங்கும் பெட்டி இல்லை. அதனால் திசைதிருப்பியை அசைத்த கணமே வண்டி மூக்கைத் திருப்புகிறது. பின்னால் பெட்டியுள்ள நெடிய வண்டியிலிருந்து இறங்கி இதில் ஏறுபவர் முதல் திருப்பத்திலேயே சிரித்துவிடுவார். பின்சரக்கிடம் 265 லிட்டர்தான் என்ற குறை அந்தச் சிரிப்பின் விலை.

ஆனால் எவ்வளவு விரைவில் வளையலாம் என்ற கேள்விக்கு நிறை விடை சொல்வதில்லை. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 25 கிலோமீட்டரில் திரும்ப, வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மையநோக்கு விசை வேண்டும். 35 கிலோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அந்த விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. உலர்ந்த தார்ச்சாலையில் எடையின் 80 விழுக்காடு வரை அது கிடைக்கலாம்; நனைந்த சாலையில் எடையில் பாதியளவே கிடைக்கும். ஆக, கோடையில் துணிந்து போன அதே 35இல் ஐப்பசி மழையில் போனால் வண்டி வளைவை விட்டு விலகும். பத்து கிலோமீட்டர் வேறுபாடுதான்.

அவ்வளவு விசையும் கடந்துபோகும் வழி எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். நிறைசுமையுள்ள வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் ஏறத்தாழ 3050 நியூட்டன் எடை இறங்குகிறது. டயருக்குள் இருக்கும் அழுத்தம் 33 பவுண்டு என்றால், தரையைத் தொடும் பரப்பு 130 சதுர சென்டிமீட்டர் அளவே. ஓர் அஞ்சலட்டை. ஐந்து உயிர்களும் நான்கு அஞ்சலட்டைகளின் மேல் மலையேறுகின்றன. ஸ்விஃப்டின் கீழ்நிலை வகைகளில் 165 மில்லிமீட்டர் அகல, 14 அங்குல டயரும், மேல்நிலை வகைகளில் 185 மில்லிமீட்டர் அகல, 15 அங்குல டயரும் வருகின்றன. அகன்ற டயர் வளைவில் பக்கவாட்டாகப் பிசகாமல் நிற்கும். உயரமான பக்கச்சுவருள்ள 14 அங்குல டயர் குழியை மென்று விழுங்கும். வாங்கும் கூட்டம் பெரிய தொடுதிரைக்காக மேல்வகைக்குத் தாவுகிறது. நானாக இருந்தால் திரையை விட்டுவிட்டு டயரைப் பார்ப்பேன்.

வண்டியை நிறுத்துவதிலும் இயற்பியலின் சில குறும்புகள் உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து உலர்சாலையில் நிற்க ஏறத்தாழ 31 மீட்டர் வேண்டும். 100இலிருந்து 49 மீட்டர். விரைவு கால் பங்கு கூடியதற்குத் தொலைவு பாதிக்கும் மேல் கூடிவிட்டது. மழையில் அந்த 49 மீட்டர் 79 ஆகும். இவற்றில் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு மிதியைத் தொடும்வரை கழியும் நொடி சேரவில்லை. அந்த ஒரு நொடிக்குள் வண்டி இன்னும் 28 மீட்டர் போய்விடும்.

நிறுத்தும்போது வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. 100இலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது எழும் வெப்பம், தனி ஓட்டுநரின் கணக்குப்படி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதைத் தாங்கிக் காற்றில் கலைக்கத்தான் முன்சக்கரங்களில் வட்டுப் பிரேக்குகள் இருக்கின்றன. ஸ்விஃப்டின் பின்சக்கரங்களில் உருளைப் பிரேக்குகளே. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நிறுத்தும் கணத்தில் எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரங்களே சுமக்கின்றன. ஆகவே நகரிலும் நெடுஞ்சாலையிலும் இது பொருட்டல்ல. மலை இறங்கும்போதுதான் கதை மாறும். ஐவரோடு ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி இழக்கும் நிலை ஆற்றல், அதே வண்டியை 100இலிருந்து 25 முறை நிறுத்துவதற்கு ஈடானது. அத்தனையையும் பிரேக்கின் தலையில் ஏற்றினால் அது புகைந்து நாறும். பின் பிடியை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய பேருந்து ஓட்டுநர்கள் சொல்வது, அந்த வெப்பத்தைப் பொறியிடம் பகிர்ந்து கொடுக்கும் வழி.

மூன்று உருளைப் பொறியைப் பற்றிய முணுமுணுப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு உருளைப் பொறியில் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஓர் எரிப்பு. மூன்று உருளையில் ஒவ்வொரு 240 பாகைக்கும் ஒன்று. நிமிடத்துக்கு 750 சுழற்சியில் நின்றுகொண்டிருக்கும்போது முன்னதில் நொடிக்கு 25 துடிப்புகள், பின்னதில் 19. துடிப்புகளின் இடைவெளி கூடக்கூட உடல் அவற்றைத் தனித்தனியே உணரத் தொடங்குகிறது. போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது திசைதிருப்பியில் வரும் நடுக்கம் அதுதான். ஈடாக, ஓர் உருளை குறைந்ததால் உராய்வும் நிறையும் குறைந்தன. கைக்கியர் வண்டிக்கு லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர் என்று சான்றளிக்கப்பட்டதில் அதற்குப் பங்குண்டு. அந்த எண்ணை அப்படியே நம்பி மாதச் செலவைக் கணக்கிட வேண்டாம். 80இலிருந்து 120க்கு விரைவு கூடினால் காற்றின் எதிர்விசை இரண்டேகால் மடங்காகிறது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு ஆற்றலும் குறைவு. இயற்கை எரிவளி வகை கிலோகிராமுக்கு 32.85 கிலோமீட்டர் தருகிறது. திறன் 70ஆக இறங்கி, கொள்கலன் சரக்கிடத்தையும் விழுங்கிவிடுவதால், துடிப்பைத் தேடி வந்தவருக்கு அங்கே வேலையில்லை.

இலேசான வண்டி மோதினால் நொறுங்காதா என்ற அச்சம் பொருளற்றதன்று. 2022இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் ஆய்வில் முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் ஒரே ஒரு விண்மீன் பெற்றது. இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதும்போது உந்தம் காக்கப்படுவதால், இலேசானதன் விரைவே மிகுதியாக மாறுகிறது. உள்ளே இருப்பவர் தாங்க வேண்டிய முடுக்கமும் அதற்கேற்ப மிகும். எவ்வளவு நல்ல எஃகாலும் இந்த விதியை முற்றிலும் வெல்ல முடியாது. ஆனால் உள்ளறையின் உறுதியும் காற்றுப்பைகளும் அந்த வன்மையை உடல் தாங்கும் அளவுக்கு நீட்டிப் பரப்ப முடியும். புதிய தலைமுறையில் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளும் மின்னணு நிலைகாப்பும் வருகின்றன. வண்டி திரும்ப வேண்டிய அளவையும் உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, வழுக்கும்போது தனியொரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து நேராக்குவது இந்த நிலைகாப்பு. நனைந்த வளைவில் அந்த 35 கிலோமீட்டர் பிழையைச் செய்தவருக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் அதுவே. ஜப்பானிய ஆய்வில் இந்தத் தலைமுறை நான்கு விண்மீனும் ஐரோப்பிய ஆய்வில் மூன்றும் பெற்றது. அங்கே விற்கும் வண்டியும் இங்கே விற்பதும் கருவிகளில் ஒன்றல்ல என்பதால், அந்த விண்மீன்களை அப்படியே இங்கே ஒட்டிக்கொள்ளக் கூடாது.

கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி வகையைப் பற்றி ஒரு சொல். ஸ்விஃப்டில் இருப்பது கைக்கியர்ப் பெட்டியின் மேல் ஏற்றிய ஓர் எந்திரக் கை. கியர் மாறும் அரைநொடி விசை அறுபட்டு, தலை முன்னே சாய்ந்து பின்னே வரும். ஐ20 என் லைனின் ஏழு கியர்ப் பெட்டியில் இரண்டு கிளட்சுகள். ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்வதால் விசை அறுபடுவதில்லை. நெரிசலில் உழலும் முழங்காலுக்கு முதல் வகையும் நல்லதே. மலைவளைவின் நடுவில் அது கியர் மாற்ற முடிவுசெய்தால் மட்டும் கோபம் வரும்.

ஓட்டிப் பார்க்கக் கூடம் தரும் வழி பெரும்பாலும் மட்டமான, நேரான, புதிதாகத் தார் போட்ட சாலை. அதில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று கேளுங்கள். ஒரு மேம்பாலத்தின் அடியில் நின்று, குளிர்காற்றை முழுதாக வைத்து, இரண்டாம் கியரில் ஏறத் தொடங்குங்கள். ஏற்றத்தின் நடுவே மூன்றாம் கியருக்கு மாற்றி, பொறி எங்கே முனகுகிறது என்று கேளுங்கள். உச்சியிலிருந்து இறங்கி, ஓரமாக நிறுத்தி, பொறியை அணைக்காமல் திசைதிருப்பியில் விரல்நுனியை மட்டும் வைத்திருங்கள். பிறகு பின்னிருக்கையில் நடுவில் அமர்ந்தவரிடம், அவர் மாமியாராகவே இருந்தாலும், எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்வார்.